சங்கிலிப்பாண்டி ஒற்றை ஆளாய்ப் படகு இறக்கிய சரித்திரம்

வடகரை,
ஆடி, முதல் ஞாயிறு.

அன்பு மகள் அபிக்கு,

உன் சித்தப்பா சங்கிலிப்பாண்டி எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் சித்தி வள்ளித்தாயும் தோப்பும் மாடும் நல்ல சுகம், ஜீப்புக்கு மட்டும் கொஞ்சம் உடம்பு சரியில்லை, அதன் காரணம் பின்னால் வருகிறது. அங்கே உன் சுகம், மருமகப்பிள்ளையின் சுகம், வயிற்றுக்குள் காலாட்டிக்கொண்டிருக்கிற சின்ன ஆளின் சுகம் எல்லாம் விவரமாக எழுத வேண்டியது. உன் மாமனார் கௌரிசங்கர் அவர்களின் சுகத்தை நான் விசாரிக்கவில்லை. அவர் சுகமாகத்தான் இருக்கிறார், அதை வீடியோவில் இந்தத் தாலுகாவே பார்த்துவிட்டது. போன் இருக்கும்போது இந்த மனுஷன் ஏன் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்தான் என்று நீ கேட்பாய். முதல் காரணம், என் போன் இப்போது குளத்துக்கு அடியில் கெண்டை மீன்களுக்கு மணி சொல்லிக்கொண்டிருக்கிறது. இரண்டாவது காரணம், சித்தியின் போனில் பேசினால் அந்தப் பக்கம் எப்போதும் ஸ்பீக்கரில் ஓர் இருமல் கேட்கிறது, அது உன் இருமலும் இல்லை, மருமகனின் இருமலும் இல்லை. ஆகவே எழுதுகிறேன். சித்தி இதைப் பக்கம் பக்கமாகப் போட்டோ பிடித்து உனக்கு அனுப்புவாள், அனுப்புவதற்கு முன் படிப்பாள். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், உன் சித்தியைப் போல ஒரு பெண்மணி சேரநாட்டிலும் பிறந்ததில்லை, பாண்டிநாட்டிலும் பிறந்ததில்லை.

இந்த வருடம் சாரல் விடாமல் பிடித்துக்கொண்டது. குற்றாலத்தில் கூட்டம் எப்படியென்றால் ஐந்தருவியில் தண்ணீர் விழ இடமில்லை, மேலேயே நின்று, கொஞ்சம் தள்ளிக்கிடுங்க என்று கேட்டுக்கேட்டுத்தான் விழுகிறது. செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்று தென்காசிக் கோபுர வாசலில் நுழைந்து, போன வெள்ளிக்கிழமை அங்கே நின்ற ஒருவரின் வேட்டியை உருவிக் கொண்டுபோய் ஆலங்குளத்தில் போட்டுவிட்டதாம். நான் பார்க்கவில்லை, ஆனால் அந்த வேட்டியைப் பார்த்தவரைப் பார்த்தேன். இப்படிப்பட்ட காற்று உன் மாமனாருக்கு அங்கே கிடைக்குமா என்று கேட்டுச் சொல். உன் சித்தி உனக்குப் பிரசவ மருந்து இடித்துக்கொண்டிருக்கிறாள், சுக்கும் திப்பிலியும் ஓமமும் சேர்ந்து நான் தும்மாத மணி கிடையாது. ஆஸ்திரேலியாவில் இறங்கியதும் விமான நிலையத்திலேயே இதையெல்லாம் பிடுங்கி வைத்துக்கொள்வார்கள் என்று சொல்லிப் பார்த்தேன். "பிடுங்கட்டும், அவன் பொண்டாட்டிக்கும் பிள்ளை பிறக்கும்லா, எப்படிச் சாப்பிடணும்னு எழுதியும் குடுத்துட்டு வாரேன்" என்கிறாள். அவளுடைய டிக்கெட் ஆடிக் கடைசிக்குப் போட்டாயிற்று. விசா எனக்கும் வந்துவிட்டது. டிக்கெட்தான் வரவில்லை, ஏன் வரவில்லை என்பது உனக்குத் தெரியும், உன் மாமனாருக்கும் தெரியும், ஆனாலும் சரித்திரம் என்றால் முதலிலிருந்து எழுத வேண்டும், அதனால் எழுதுகிறேன்.

சித்திரையில் நீ அனுப்பினாயே ஒரு வீடியோ. கடற்கரையில் சிமெண்டுச் சரிவு. ஒரு வெள்ளைக் கார் பின்னோக்கி வருகிறது, அதன் வாலில் டிரெய்லர், டிரெய்லரில் அலுமினியப் படகு. டிரைவர் சீட்டிலிருந்து ஒரே ஓர் ஆள் இறங்குகிறார். அரைக்கால் சட்டை, தொப்பி, கறுப்புக் கண்ணாடி. ஒரு பொத்தானை அமுக்குகிறார், படகு மாப்பிள்ளை மணவறைக்குப் போகிற மாதிரி அலுங்காமல் தண்ணீருக்குப் போகிறது. இன்னொரு பொத்தான், திரும்பி வந்து ஏறிப் படுத்துக்கொள்கிறது. கடையத்தில் பிறந்து மெட்ராஸ் பேங்கில் நாற்காலி தேய்த்துவிட்டு, மகன் வீட்டுக்குப் போய் ரெண்டே வருடத்தில் கடலையே வேலைக்காரனாக வைத்துக்கொண்டிருக்கிற மனுஷன். சரி, அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். வீடியோவின் கடைசியில் உன் குரல் கேட்கிறது, "சூப்பர்ப்பா, கலக்கிட்டீங்கப்பா" என்று. அண்ணனும் மதினியும் நம்மை விட்டுப்போன பிறகு ரெண்டாம் வகுப்புப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நீ இந்த வீட்டுக்கு வந்த நாள் முதல், என்னை சித்தப்பா என்றுதான் கூப்பிட்டாய். அதில் ஒரு குறையும் இல்லை. முறை அதுதான். ஆனால் அஞ்சு எழுத்து சித்தப்பா ஒருத்தன் இங்கே உட்கார்ந்திருக்க, அங்கே ஒருவர் பொத்தானை அமுக்கியதற்கே அப்பா ஆகிவிட்டார் என்றால், இங்கே இருக்கிறவனுக்கு இரவு சாப்பாடு எப்படி இறங்கும்? சித்தியிடம் சொன்னேன். "மாமனாரை இப்ப எல்லாப் பிள்ளையளும் அப்படித்தான் கூப்பிடுதுவ, இதுக்குப் போயி மூஞ்சியத் தூக்கிட்டு உக்காந்திருக்கிய" என்றாள். சொல்லிவிட்டு மறுபடியும் அந்த வீடியோவைப் போட்டாள். அந்த வீடியோவை அவள் பார்த்த தடவைக்கு ஒரு தேங்காய் வீதம் உடைத்திருந்தால் தோப்பு காலியாகியிருக்கும். ஒவ்வொரு தடவையும், "பாருங்களேன், ஒத்த ஆளு, ஒத்த ஆளா எறக்குதாரு" என்று ஒரு பெருமூச்சு வேறு.

அதற்குமேல் உன் வளைகாப்பு அன்று அவர் போனை வாங்கி என்னிடம் பேசினார் பார். "சம்பந்தி, பிரசவத்துக்கு நீங்களும் அவசியம் வரணும், எனக்கும் பேச்சுத் துணையாச்சு, உங்களுக்கும் போட் இறக்கச் சொல்லிக் குடுத்துருவோம்" என்றார். எனக்கு! முப்பது வருடமாகக் குளத்துத் தண்ணீரில் ஊறி, முதுகில் செதிள் முளைக்காதது ஒன்றுதான் குறை என்று ஊரார் சொல்கிற எனக்கு! போனை வைத்தேன், நேராக டீக்கடைக்குப் போனேன், அங்கே கிதிர் முகம்மது இருந்தார், அவர் முன்னிலையில் சபதம் போட்டேன். என் படகை என் குளத்தில் ஒற்றை ஆளாக இறக்கி, ஒற்றை ஆளாகத் திரும்ப ஏற்றுகிறவரை ஆஸ்திரேலியா மண்ணில் கால் வைக்கமாட்டேன், பேரப்பிள்ளையின் முகத்தைப் போட்டோவிலேயே பார்த்துக்கொள்வேன் என்று. கிதிர் முகம்மது டீயை ஊதிக்கொண்டே, "அண்ணாச்சி, பிள்ளை காலேஜ் போறதுக்குள்ள போய்ப் பாத்துருங்க" என்றார். அவர் துபாயில் இருந்து வந்தவர், பேச்சு கொஞ்சம் காரமாகத்தான் இருக்கும்.

சபதம் ஏன் அவ்வளவு கஷ்டம் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் இதை மருமகப்பிள்ளையும் படிப்பார். கீழக்குளத்து மீன் குத்தகை கிதிர் முகம்மதுவுடையது. நான் பொழுதுபோக்குக்குத் தூண்டில் போட்டுக்கொள்ளலாம், ஆனால் படகு குளத்தில் கிடக்கக் கூடாது, கிடந்தால் கண்டவன் எல்லாம் ஏறி அவர் மீனை அள்ளிவிடுவான் என்பது அவர் கண்டிஷன். ஆகவே ஒவ்வொரு தடவையும் ஃபைபர் படகை டிரெய்லரில் வைத்து ஜீப்பில் இழுத்துக்கொண்டு போய், மாடு இறங்குகிற சிமெண்டுச் சரிவில் இறக்கி, திரும்பவும் ஏற்றிக்கொண்டு வரவேண்டும். ஜீப்புக்குக் கைபிரேக் என்பது அலங்காரத்துக்கு இருக்கிற ஒரு கம்பி. செல்ஃப் எடுக்காது, தள்ளினால்தான் கிளம்பும், அதனால் எங்கே நிறுத்தினாலும் நியூட்ரலில் நிறுத்திச் சக்கரத்துக்குக் கல் போடுவதுதான் என் வழக்கம். நான் பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்க வேண்டும், இன்னொரு ஆள் ஓடிவந்து சக்கரத்துக்குப் பின்னால் கல்லைப் போட வேண்டும். பள்ளிக்கூடம் படித்த காலம் முழுக்க அந்தக் கல் உன் கையில் இருந்தது, நீ போனபிறகு உன் சித்தி கைக்கு வந்தது. ஒற்றை ஆள் என்றால் கல் போட ஆள் இல்லை. கல் போட ஆள் இல்லையென்றால் பிரேக்கிலிருந்து கால் எடுக்க முடியாது. கால் எடுக்காமல் படகை அவிழ்க்க எனக்கு அனுமார் வாலா இருக்கிறது? உன் மாமனாரின் கார் பிரேக் போட்டால் நிற்கிற ஜாதி. அதற்கு வீரம் எதற்கு?

ஆனாலும் மூளை என்று ஒன்று நம் குடும்பத்துக்கு உண்டு. ஆனி கடைசியில், ஆடி பிறந்துவிட்டால் நல்ல காரியம் ஆகாதே என்று, ஒரு நல்ல நாள் பார்த்தேன். கல்லை முன்னாடியே கொண்டுபோய்ச் சரிவில் சரியான இடத்தில் வைத்துவிட்டேன். பிறகு ஜீப்பைப் பின்னோக்கி விட்டு, டிரெய்லர் சக்கரம் அந்தக் கல்லில் முட்டி நிற்கும்படி செய்தேன். எப்படி! சங்க காலத்தில் இருந்திருந்தால் இதற்கே ஒரு யானை கொடுத்திருப்பார்கள். வண்டி நின்றது. நான் காலை எடுத்தேன். அப்போதும் நின்றது. ராஜா மாதிரி இறங்கி, கரையில் கைகட்டி நின்ற உன் சித்தியை ஒரு பார்வை பார்த்தேன். கிதிர் முகம்மதுவும் நின்றார், அவரோடு ஒரு பத்துப் பேர். சபதக்காரன் என்பதால் யாரும் உதவிக்கு வரக்கூடாது என்று முன்பே உத்தரவு. படகின் கட்டுகளை அவிழ்த்தேன். அப்போதுதான் பூஜை ஞாபகம் வந்தது. முதல் தடவை ஒற்றை ஆளாக இறக்குகிறோம், தேங்காய் உடைக்காமல், சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்காமல் எப்படி? சூடம் கொளுத்தினேன், தேங்காயை ஒரே போடில் உடைத்தேன், சரிபாதியாக விழுந்தது, மூடி ரெண்டையும் படகில் வைத்தேன், கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. எலுமிச்சம்பழத்தை எடுத்துக்கொண்டு சக்கரத்துக்குப் போனேன். போனால், பழம் வைக்க வேண்டிய இடத்தில் கல் இருக்கிறது.

என்ன செய்தேன் என்று நீ இப்போது சிரிக்க ஆரம்பித்திருப்பாய். பக்தி முற்றிய நேரத்தில் மனிதனுக்குப் புவியீர்ப்பு ஞாபகம் இருப்பதில்லை. கல்லைக் காலால் தட்டிவிட்டு, கண்ணை மூடிச் சாமியை நினைத்துக்கொண்டு, அந்த இடத்தில் இந்தப் பக்கம் ஒரு பழம் அந்தப் பக்கம் ஒரு பழம் வைத்தேன். கண்ணைத் திறந்தபோது பழம் சட்னியாக இருந்தது, டிரெய்லரும் ஜீப்பும் என்னைக் கடந்து போய்க்கொண்டிருந்தன. நான் ஓடிப்போய் ஜீப்பின் முன் பம்பரைப் பிடித்து இழுத்தேன். ஐராவதத்தின் தும்பிக்கையைப் பிடித்து நிறுத்துகிறவனைப் போல இழுத்தேன். சிமெண்டு தேய்ந்து என் செருப்பில் புகை வந்தது, ஜீப் என்னையும் சேர்த்துக்கொண்டு தண்ணீருக்குப் போனது. சட்டைப் பையிலிருந்த போன் முதலில் குதித்துவிட்டது. சீட்டு முங்குகிற வரைக்கும் போய்த்தான் ஜீப் நின்றது. படகு? கட்டுதான் அவிழ்த்தாயிற்றே, அது டிரெய்லரை விட்டு நழுவி, காற்றுக்கு முகம் கொடுத்து, தேங்காய் மூடி ரெண்டையும் சுமந்துகொண்டு நடுக்குளத்துக்குப் போய்விட்டது. கரையில் கிதிர் முகம்மதுதான் வாய் திறந்தார். "அண்ணாச்சி, நீங்க ஒத்தையா எறக்கப் போறேன்னிய. அது உங்களையும் வேண்டாம்னுட்டுல்லா போவுது" என்றார். உன் சித்தி கட்டின கையை அவிழ்க்கவே இல்லை. "அடி பட்டிருக்கா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "அப்பம் சரி" என்று சொல்லிவிட்டுத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினாள், முதுகு குலுங்கியது, அழுகை என்று நினைத்து ஆறுதல் சொல்லப் போனேன், அழுகை இல்லை.

ஜீப்பை டிராக்டர் வைத்து இழுத்தார்கள், படகை நீந்திப்போய்க் கொண்டுவந்தார்கள். அதற்குள் நான் லெமன் அண்ணாச்சி ஆகிவிட்டேன். டீக்கடையில் நான் உட்கார்ந்தால் கேட்காமலேயே லெமன் டீ வருகிறது. இதையெல்லாம் தாங்கிக்கொண்டேன். அன்றைக்குச் சாயங்காலமே சித்தி உனக்குப் போன் போட்டாளே, நீ மூச்சு முட்டுகிற வரைக்கும் சிரித்தாயே, அதுகூட எனக்குச் சந்தோஷம்தான், இந்த மாதத்தில் பிள்ளைத்தாய்ச்சி சிரித்தால் குழந்தைக்கு நல்லது. ஆனால் உனக்குப் பின்னால் உன் மாமனார் இருந்தாரே, அவர் சிரிக்கவில்லை. அவர் சிரித்திருந்தால் மன்னித்திருப்பேன் அபி. போனை வாங்கி, "சம்பந்தி, உங்களுக்கு ஒண்ணும் ஆகலியே? முதுகு கிதுகு பிடிச்சிருக்கா?" என்று கேட்டார். முதுகு பிடித்துத்தான் இருந்தது, அதை இவர் எப்படிக் கண்டுபிடித்தார்? நல்ல மனுஷனாக இருக்கிறதுக்கும் ஓர் அளவு வேண்டாமா? அதோடு விட்டாரா? "நீங்க தப்பா எதுவும் செய்யலை, சம்பந்தி. ஆனா சரிவுல வண்டிய நிறுத்தணும்னே அவசியமில்ல. மேல சமதளத்துல வச்சே கட்டு எல்லாத்தையும் அவுத்துருங்க, மூக்குக் கயித்த மட்டும் நீளமா விட்டு டிரெய்லர்ல கட்டிப்போடுங்க. அப்படியே பின்னால விட்டு, சக்கரம் தண்ணிக்குள்ள போனதும் ஒரே ஒரு பிரேக். படகு தானா வழுக்கி எறங்கிரும். நீங்க வண்டிய முன்னால எடுத்தா, கயித்துல கட்டின கன்னுக்குட்டி மாதிரி கரைக்கு வந்துரும்" என்றார். ஏற்றுவதற்கும் சொன்னார். நியூட்ரல் வேண்டாம், முதல் கியரில் போட்டு எஞ்சினை அணைத்துவிட்டு அப்புறம் காலை எடுங்கள், பிறகு இறங்கிக் கல் போடுங்கள் என்றார், டிரெய்லர் பின்பக்கம் ரெண்டு ஓரத்திலும் பிளாஸ்டிக் குழாயை நட்டுவையுங்கள், காற்று அடித்தாலும் படகு ரெண்டுக்கும் நடுவில்தான் வரும் என்றார், கையால் சுற்றுகிற கப்பி ஒன்று முன்னால் மாட்டுங்கள் என்றார். நான், "ஆமா ஆமா, அதெல்லாம் நமக்குத் தெரியும், பூஜைக்காகத்தான் மாத்திச் செஞ்சோம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அன்று இரவு எனக்கு ஏற்பட்ட வயிற்றெரிச்சலில் ஒரு கல்யாணத்துக்குச் சமைத்திருக்கலாம்.

அவர் சொன்னபடி செய்யக்கூடாது என்று சில நாள் வைராக்கியமாக இருந்தேன். வேறு வழி ஒன்று கண்டுபிடித்தே தீருவது என்று வைக்கோல் படப்பில் சாய்ந்து யோசித்தேன். எப்படி யோசித்தாலும் கடைசியில் அவர் சொன்ன வழியில்தான் போய் முட்டுகிறது. பெரிய எரிச்சல் அது. கடைசியில் யாருக்கும் தெரியாமல் செங்கோட்டை வெல்டிங் பட்டறையில் போய்க் கப்பியை மாட்டினேன், குழாய் ரெண்டையும் நட்டேன். எதற்கு இது என்று சித்தி கேட்டதற்கு வாழைக்கு முட்டுக்கொடுக்க என்றேன். டிரெய்லரில் எதற்கு வாழை என்று அவள் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று இப்போதுதான் தோன்றுகிறது.

நேற்றுச் சனிக்கிழமை. சித்தி நாட்டு மருந்து வாங்கத் தென்காசிக்குப் போய்விட்டாள். கிதிர் முகம்மது சிவகிரியில் கல்யாணத்துக்குப் போயிருந்தார். சாரல் அடிக்கிற அடியில் மாடுகூட வெளியே வரவில்லை. இதுதான் நேரம் என்று வண்டியைத் தள்ளிக் கிளப்பினேன். மேலே சமதளத்தில் எஞ்சினை அணைக்காமல் நிறுத்திக் கட்டை அவிழ்த்தேன், மூக்குக் கயிற்றைக் கட்டினேன், பின்னால் விட்டேன், சக்கரம் முங்கியதும் ஒரு பிரேக். படகு வழுக்கி இறங்கியது அபி. சத்தமே இல்லை. உன் மாமனாரின் படகு மணவறைக்குப் போன மாப்பிள்ளை என்றால், என் படகு மாலை மாற்றி முடித்த மாப்பிள்ளை. வண்டியை மேலே கொண்டுபோய் நிறுத்தினேன். ஏறி உட்கார்ந்து குளத்துக்குள் போனேன். மலை முழுக்க மேகம் இறங்கியிருந்தது. ஒரு விரால் பிடித்தேன், அது என்னைப் பார்த்து யார் நீ என்று கேட்கிற அளவுக்குப் பெரிசு. சரி, உன் சித்தி படிப்பாள், முழங்கை நீளம் என்று வைத்துக்கொள். திரும்பி வந்து, படகைக் கரையில் கட்டிவிட்டு, வண்டியைத் தள்ளிக் கிளப்பி டிரெய்லரைத் தண்ணீருக்குள் விட்டு, முதல் கியர், எஞ்சின் அணைப்பு, கல். காற்று படகைக் குறுக்கே திருப்பப் பார்த்தது, குழாய் விடவில்லை. கப்பியைச் சுற்றினேன். கைத்தோல் உரிந்தது. ஏறிவிட்டது. ஈரத் துணியோடு, மூச்சு வாங்கிக்கொண்டு, ஒற்றை ஆளாக, படகு டிரெய்லரில், டிரெய்லர் என் ஜீப்பில். மறுபடி கிளப்ப வேண்டுமே என்ற கவலைகூட அப்போது வரவில்லை.

ரெண்டு கையையும் தூக்கி, "பாத்தியளாலே!" என்று ஒரு சத்தம் போட்டேன். திரும்பிப் பார்த்தால் கரையில் ஆள் இல்லை. கிதிர் முகம்மது இல்லை, லெமன் டீக்காரன் இல்லை, கைகட்டி நிற்க உன் சித்தி இல்லை. சபதம் நிறைவேறியதற்கு ஒரு கொக்குகூடச் சாட்சி இல்லை, இருந்த ஒரு கொக்கும் என் சத்தத்தில் பறந்துவிட்டது. நான் அந்தச் சரிவிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். மழை பெய்துகொண்டிருந்தது. இவ்வளவு நாளாக எதற்கு எரிந்துகொண்டிருந்தேன் என்று அப்போதுதான் தெரிந்தது. அவருடைய காருக்கு இல்லை. பொத்தானுக்கு இல்லை. அலுமினியப் படகு கிடக்கட்டும், என் ஃபைபர் அதைவிட அழகு. அந்த மனுஷன் படகைக் கரையேற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் அங்கே நீ நிற்கிறாய். இதில் மிகைப்படுத்தி எழுத எனக்கு ஒன்றும் இல்லை.

ஜீப்பைக் கல்லோடு அங்கேயே விட்டுவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்து சித்தியிடம் சொன்னேன். ஆதாரம் கேட்பாள், சண்டை போடலாம், விராலைச் சாட்சிக்குக் கூப்பிடலாம் என்று தயாராக வந்திருந்தேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை. "எறக்கிட்டியளா, சரி. ஏத்திட்டியளா, அதுவும் சரி. கையைக் காட்டுங்க" என்று பார்த்துவிட்டு மஞ்சள் வைத்துக் கட்டினாள். கட்டிக்கொண்டே, "இனிமே என்ன சொல்லித் தப்பிக்கப் போறிய?" என்றாள். நான் இவ்வளவு நாளும் சபதம் போட்டது போக வேண்டும் என்பதற்கா, போகாமல் இருப்பதற்கா என்று அவளுக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது. அந்த வீட்டில், அவர் வீட்டில், அவர் சோபாவில் உட்கார்ந்து, உன் பிள்ளையை முதலில் அவர் தூக்கி அப்புறம் என்னிடம் தருவதைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லாமல்தான் இருந்தது. இப்போதும் பெரிய தெம்பு ஒன்றும் வந்துவிடவில்லை. ஆனால் இங்கே தனியாக அந்தச் சரிவில் நின்று கையைத் தூக்கிக்கொண்டிருப்பதற்கு, அங்கே வரிசையில் ரெண்டாவதாக நிற்பது எவ்வளவோ மேல்.

ஆகவே மருமகப்பிள்ளையிடம் சொல்லி எனக்கும் ஒரு டிக்கெட் போடச் சொல்லவும். சித்தி பக்கத்து சீட்டாக இருக்கட்டும், அவளுக்குப் பயம், எனக்குப் பயம் இல்லை. தோப்பையும் மாட்டையும் கிதிர் முகம்மது பார்த்துக்கொள்கிறேன் என்றிருக்கிறார், நான் இல்லாத நேரத்தில் விரால் பெருகும் என்று ஒரு சொல்லும் சேர்த்துத்தான் சொன்னார். உன் மாமனாரிடம் என் நமஸ்காரத்தைச் சொல். குழாயும் கப்பியும் வேலை செய்கிறது என்று மட்டும் சொல், நன்றி என்று சொல்லாதே, அதை நான் நேரில் சொல்லுகிறேன், சொன்னாலும் சொல்லுவேன். அவர் என்னை எங்காவது கூட்டிக்கொண்டு போய்ப் படகு இறக்கச் சொல்லிக் கொடுப்பார், நானும் தெரியாத மாதிரி கேட்டுக்கொள்வேன், அவ்வளவு பெரிய மனசு எனக்கு ஒரு நாளைக்கு ஒரு தடவை வரும்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. காபியைக் குறைத்துக்கொள். ராத்திரி இடது பக்கமாகப் படு என்று சித்தி எழுதச் சொன்னாள். பிறக்கப்போகிறது பெண்ணோ பிள்ளையோ, கையும் காலும் சுகமாக, நல்ல தொண்டையோடு பிறக்கட்டும். நீயும் மருமகப்பிள்ளையும் குலம் தழைத்து நூறு வருடம் நன்றாக இருக்க வேண்டும், குற்றாலநாதர் கூடவே இருப்பார். இன்னொன்று, முக்கியமாக. அந்தக் கடற்கரைச் சரிவு ஓரத்தில் பச்சையாகப் பாசி பிடித்திருக்கிறது, படகைப் பார்த்தவர்கள் யாரும் அதைப் பார்த்ததாகத் தெரியவில்லை, நான் பார்த்தேன். நிறைமாதத்தில் அங்கே போய் நிற்காதே, வழுக்கிவிடும். அவருக்குக் கரையில் ஓர் ஆள் வேண்டியிருந்தால் கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்ளச் சொல். நான் வந்து நின்றுகொள்கிறேன்.

இப்படிக்கு,
கையில் கட்டோடும் மனதில் கொஞ்சம் எரிச்சலோடும் உன்னை வாழ்த்தும்
சித்தப்பா,
வடகரை சங்கிலிப்பாண்டி.